சூட்டை நீ பார், சரக்கை நான் பார்க்கிறேன்

பத்து நிமிடம் ஓடும் வீடியோக்களைப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவற்றில் ஆள் இல்லை, பேச்சு இல்லை, பாட்டும் இல்லை. கேப்பிலரி எனப்படும் மெல்லிய கண்ணாடிக் குழல்கள் மூன்று ஒன்றையொட்டி ஒன்று நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெள்ளைத் தூள். மூலையில் ஓர் எண் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறிக்கொண்டே போகும். முதல் சில நிமிடங்களுக்கு ஒன்றுமே நடக்காது; பக்கத்து மேசைக்கு வந்த தேநீர் யாருக்கு என்று திரும்பிப் பார்த்துவிட்டு வரலாம். பிறகு தூளின் ஓரம் லேசாக வியர்க்கும். கண்ணாடிச் சுவரை விட்டு விலகும். சாயும், கலங்கும், கடைசித் துணுக்கும் மறைந்து தெளிந்த சொட்டாக நிற்கும். பாராசிட்டமால் உருகிவிட்டது. 'சரிபார்த்தவர்' என்ற சொல்லுக்கு நேரே நான் கையெழுத்துப் போடுவேன்.

இதே சொல்லுக்கு நேரே இருபது வருடங்களுக்கு மேலாகக் கையெழுத்துப் போட்டு வருகிறேன். ஆயிரக்கணக்கில் போட்டிருப்பேன். அதில் 2001இல் போட்ட ஒன்று மட்டும் என்னை விடுவதாக இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று முறை தொடங்கி நிறுத்திவிட்டேன். சென்ற மாதம் நடந்த ஒரு சின்ன விஷயத்தால் இந்த முறை முடித்துவிடுவேன் என்று தோன்றுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த லேபில் கேமரா எல்லாம் கிடையாது. லிக்விட் பாரஃபின் எண்ணெய் நிரம்பிய கண்ணாடிக் குழாய், அதில் தொங்கும் தெர்மாமீட்டர், அதன் பாதரசக் குமிழோடு நூலால் கட்டிய கேப்பிலரி, எதிரே ஒரு பூதக்கண்ணாடி. கேப்பிலரியின் ஒரு முனையைச் சுடரில் காட்டி அடைப்பதிலிருந்து எல்லாம் கைவேலை. தூளை உள்ளே தள்ளி, நீளமான ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நிமிர்த்திப் போட்டால் அது கீழே மேசையில் மோதித் துள்ளும். நாலைந்து முறை துள்ளினால் தூள் இறுகிவிடும். அந்த 'டிக் டிக்' சத்தத்தை வைத்தே எந்த மேசையில் உருகுநிலை பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். எண்ணெய் சூடேறும் வாசனை மாலையில் வீட்டுக்குப் போன பிறகும் சட்டையில் இருக்கும்.

இந்தச் சோதனையைப் பள்ளிக்கூடத்தில் செய்தவர்களுக்கும் தெரியும், சுத்தமான பொருள் குறுகிய இடைவெளிக்குள் சட்டென்று உருகும். கலப்பு இருந்தால் சீக்கிரமே தொடங்கி இழுத்துக்கொண்டே போகும். யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே 133 டிகிரியை ஒட்டி உருகுபவை. இரண்டையும் கலந்தால் 100 டிகிரி பக்கத்திலேயே கலங்கத் தொடங்கிவிடும். இவ்வளவு மலிவான கருவியில் இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதே என்று கல்லூரியில் நான் உண்மையிலேயே வியந்திருக்கிறேன். கருவி மலிவுதான், ஆனால் அதில் பாதி மனிதக் கண் என்பதைக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை.

எங்கள் லேபில் மூத்தவர் ஒருவர் இருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். உருகுநிலை பார்ப்பதில் அவருக்கு ஒரு தனி வழக்கம். தனியாகச் செய்யவே மாட்டார். யாராவது ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார், பெரும்பாலும் என்னை. "சூட்டை நீ பார் தம்பி, சரக்கை நான் பார்க்கிறேன்" என்பார். கேப்பிலரி கீழே குமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். 170 டிகிரிக் கோடு ஒரு சாண் மேலே இருக்கும். மற்றவர்களுடைய கண்கள் மேலுக்கும் கீழுக்கும் தாவிக்கொண்டிருக்க, அண்ணாச்சியின் கண் பூதக்கண்ணாடியை விட்டு அசையாது. திடீரென்று "இப்போது" என்பார். நான் எண்ணைச் சொல்ல வேண்டும். சிறிது நேரம் கழித்து "முடிந்தது" என்பார். இன்னொரு எண். இரண்டையும் எழுதிக்கொள்வார். வயதானவர், கழுத்தைத் தூக்கச் சோம்பல் என்று நாங்கள் அவர் காதுபடாமல் சிரித்திருக்கிறோம்.

2001இல் ஒரு நாள் பாராசிட்டமால் மூலப்பொருள் ஒரு பேட்ச் வந்தது. உற்பத்திப் பிரிவு காத்துக்கொண்டிருந்தது. உருகுநிலைக்கு அனுமதித்த வரம்பு 168 முதல் 172. அண்ணாச்சி "இப்போது" என்றபோது நான் பார்த்த எண் 165.5. ஈரம் போக்கும் டெசிக்கேட்டர் ஜாடியில் சரக்கை இன்னும் நேரம் வைத்து எடுத்து மறுபடி செய்தோம். 166. அண்ணாச்சி இரண்டையும் பதிவேட்டில் எழுதினார். பிறகு மேலாளர் வந்தார், தானே உட்கார்ந்தார், கேப்பிலரியையும் தெர்மாமீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார், 168.5 என்றார். அவர் பொய் சொன்னதாக அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. மற்ற சோதனைகள் எல்லாம் சரியாக வந்திருந்தன. அண்ணாச்சியின் இரண்டு வரிகளும் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'ஆய்வாளர் பிழை' என்று எழுதப்பட்டன. கீழே மேலாளரின் எண். சரிபார்த்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். மேலாளர் பார்த்த அந்தப் பத்து நிமிடமும் நான் லேபிலேயே இல்லை. வராண்டாவில் மாதிரிப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். வந்தேன், பேனாவை வாங்கினேன், போட்டேன். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மருந்தால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கதையை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். என்னை உறுத்துவது வேறு. யார் சரி என்று கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதுதான். அண்ணாச்சி பார்த்த அந்த நிமிடமும் மேலாளர் பார்த்த அந்த நிமிடமும் எண்ணெய்க்குள் நடந்து அங்கேயே முடிந்துபோயின. கேப்பிலரிகள் குப்பைக்குப் போயின. மிஞ்சியது ஒரு பதிவேடும், எதையும் பார்க்காதவனின் கையெழுத்தும்.

கேமரா வந்த பிறகு

அதனால்தான் வேறொரு நிறுவனத்தில் கேமரா வைத்த உருகுநிலைக் கருவி வந்து இறங்கியபோது மற்றவர்களைவிட நான் அதிகமாக மகிழ்ந்தேன். அதன் வேலை எளிமையானது. எண்ணெய்க்குப் பதில் உலோக அடுப்பு. பின்னால் விளக்கு, முன்னால் கேமரா. தூள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். உருகிய திரவம் ஊடுருவ விடும். ஒவ்வொரு கேப்பிலரியின் வழியாகவும் வரும் ஒளியைக் கணினி கோடாக வரையும். தரையோடு தரையாகப் போகும் கோடு மேலேறத் தொடங்கும் இடம் ஆரம்பம், சமமாகும் இடம் முடிவு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, முழு ஓட்டமும் வீடியோவாகச் சேமிக்கப்படுகிறது, ஒவ்வொரு சட்டகத்திலும் வெப்பநிலை பதிந்திருக்கிறது. மின்னணுப் பதிவுகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997இல் வெளியிட்ட விதிகள் வந்ததிலிருந்து மருந்துத் தொழிலில் எல்லோரும், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் 'தணிக்கைத் தடம்' என்ற சொல்லைத் தூக்கத்திலும் உளறுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. சரிபார்த்தவர் என்று போடுவதற்கு முன் இனி உண்மையாகவே பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சில மாதங்களிலேயே சிக்கல்கள் தெரிந்தன. வைட்டமின் சி 190 டிகிரி சுற்றுவட்டத்தில் உருகும்போதே சிதைந்து பழுப்பாகும், நுரைக்கும். வெளிச்சம் கூட வேண்டிய இடத்தில் குறையும், கோடு குழம்பிப்போகும். அங்கே கணினியின் எண்ணைத் தள்ளிவிட்டு வீடியோவைத்தான் பார்க்க வேண்டும். மருந்துகளின் தர விதிகளைச் சொல்லும் பார்மகோப்பியா நூல்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. தூள் தண்டு கண்ணாடிச் சுவரில் ஐயத்துக்கு இடமில்லாமல் சரிவது தொடக்கம், முழுவதும் திரவமாவது முடிவு என்கிறது அமெரிக்க நூல். ஐரோப்பிய நூல் கேப்பிலரி முறையில் கடைசித் துகள் மறையும் வெப்பநிலையைக் கேட்கிறது. 'ஐயத்துக்கு இடமில்லாமல்' என்பதை எந்த மென்பொருளில் எப்படி எழுதுவது? யாரோ ஓர் எல்லையைப் போட்டிருக்கிறார்கள். அதை நாங்கள் உண்மை என்கிறோம்.

பிறகு, வீடியோ எங்கே தொடங்குகிறது என்பது. எதிர்பார்க்கும் உருகுநிலைக்கு ஐந்து டிகிரி கீழே கேப்பிலரியை வைத்தால் போதும் என்பதுதான் நெடுநாள் வழக்கம். நேரம் மிச்சம். அண்ணாச்சி இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. புதுச் சரக்கு என்றால் நாற்பது டிகிரி கீழேயிருந்து தொடங்கி மதியச் சாப்பாட்டு நேரத்தையே தின்றுவிடுவார். கேட்டால், "கல்யாண வீட்டுக்குப் பந்தி நேரத்துக்கு மட்டும் போகக்கூடாது தம்பி" என்பார். வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசெபைனை ஒருமுறை சும்மா ஆர்வத்தில் 160 டிகிரியிலிருந்து வேகமாகச் சூடேற்றிப் படம்பிடித்தோம். சுமார் 175இல் அது உருகியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் திரவத்திலிருந்து ஊசி ஊசியாகப் படிகங்கள் கிளம்பி மறுபடி திடமாயின. பிறகு 190ஐ ஒட்டி இரண்டாவது முறை உருகியது. ஒரே மூலக்கூறு, இரண்டு விதமான படிக அடுக்கு. வழக்கம்போல 184இல் தொடங்கியிருந்தால் இரண்டாவது கல்யாணத்துக்குத்தான் போயிருப்போம். முதல் கல்யாணம் நடந்ததே தெரிந்திருக்காது.

உருகுநிலையைத் தூய்மைக்கு அளவுகோலாக்கியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல். கொழுப்புகளைப் பிரித்துப் பிரித்து, உருகுநிலை இனி மாறவில்லை என்ற இடத்தில் இது தனிப் பொருள் என்று முடிவுசெய்தார். 1823இல் அதை ஒரு பெரிய நூலாகவும் போட்டார். அப்படி அவர் தனிப் பொருள் என்று பெயரிட்டவற்றில் ஒன்று மார்கரிக் அமிலம். 1850களில் ஹைன்ட்ஸ் என்ற ஜெர்மானியர், அது பால்மிட்டிக், ஸ்டியரிக் என்ற இரண்டு அமிலங்களின் கலவை என்று காட்டிவிட்டார். கடைகளில் விற்கும் மார்கரினின் பெயரில் அந்தத் தவறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செவ்ரோல் 102 வயது வாழ்ந்தவர். 1886இல், அவருடைய நூறாவது பிறந்தநாளையொட்டி புகைப்படக்காரர் நாதாரும் அவர் மகனும் செவ்ரோலைப் பேசவைத்துப் பேசவைத்துப் படமெடுத்தார்கள். உலகின் முதல் புகைப்படப் பேட்டி என்று அதைச் சொல்கிறார்கள். கைகளை ஆட்டி ஆட்டிப் பேசும் கிழவரின் படங்கள் அவை. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறும்பான ஆசை வரும்: அந்தக் கேமரா அறுபது வருடம் முன்னதாக வந்து, மார்கரிக் அமிலம் உருகியதைப் படம்பிடித்திருக்கக் கூடாதா?

மஞ்சள் காகிதம்

சென்ற மாதம் ஒரு பாராசிட்டமால் வீடியோ. மூன்றில் நடுக் கேப்பிலரியில் தூள் மற்ற இரண்டையும்விடச் சீக்கிரமாகச் சுவரை விட்டு விலகி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கணினி அதைக் கணக்கில் எடுக்காமல் 168.3 தொடக்கம் என்று எழுதியிருந்தது. எண் சரியாக இருக்கிறது, ஓட்டத்தில் பிழையில்லை, கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான். பேனாவை எடுத்தேன். அப்போது ஏன் என்று தெரியவில்லை, மேசையில் கிடந்த மஞ்சள் ஒட்டுக் காகிதம் ஒன்றைக் கிழித்துத் திரையின் மூலையில், வெப்பநிலை தெரியும் இடத்தில் ஒட்டினேன். வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டேன். இப்போது சரிகிறது என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினேன். காகிதத்தைத் தூக்கிப் பார்த்தேன். 166.9.

கைத்தவறு என்று நினைத்தேன். லேபிலிருந்து மூன்று பேரை ஒருவர் பின் ஒருவராக அழைத்தேன். இருவர் அனுபவமுள்ள ஆய்வாளர்கள், ஒருவர் சேர்ந்து இரண்டு மாதமான பெண். எந்தப் பொருள், எந்த வரம்பு என்று சொல்லவில்லை. காகிதம் ஒட்டியபடியே வீடியோவைக் காட்டி, தூள் சரிந்ததும் நிறுத்தச் சொன்னேன். 166.4, 167.1, 167.7. நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்பதால் முதலில் நிறுத்தியவருக்கும் கடைசியில் நிறுத்தியவருக்கும் நடுவே ஒன்றேகால் நிமிடம். அவ்வளவு நேரத்தில் ஒரு முட்டையை ஆம்லெட் ஆக்கிவிடலாம். ஒரு வாரம் கழித்து அதே நால்வரும், என்னையும் சேர்த்து, அதே வீடியோவைக் காகிதம் இல்லாமல் பார்த்தோம். இம்முறை பொருள் என்ன என்றும் சொல்லியிருந்தேன். நால்வருடைய பதிலும் 168.1க்கும் 168.4க்கும் நடுவே வந்து உட்கார்ந்தன. 168 என்பது வரம்பின் கீழ்க்கோடு.

இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு வீடியோ, நான்கு பேர். வியர்ப்பதையும் சுருங்குவதையும் தொடக்கமாகக் கொள்ளக் கூடாது என்று வாதிட்டால், கணினியின் 168.3தான் சரி என்றும் சொல்லிவிடலாம். நடுக் கேப்பிலரி சரியாக இறுகாமல் போயிருக்கலாம். அதையெல்லாம் குறித்து மேலே அனுப்பினேன், புது மாதிரியில் மறுபடி ஓட்டச் சொன்னேன், இம்முறை மூன்றும் ஒழுங்காக நடந்துகொண்டன. என்னை உலுக்கியது சரக்கு இல்லை, நான்தான். அந்த இரண்டாவது முறை நான் எதையும் மறைக்கவில்லை, யாருக்கும் சாதகமாகப் பார்க்கவில்லை. முதல் முறை எங்கே நிறுத்தினேன் என்பதும் நினைவிருந்தது. இருந்தும் எண் 168ஐத் தாண்டும்வரை தூள் என் கண்ணுக்கு நிமிர்ந்தே நின்றது. தாண்டிய பிறகு சரிந்தது. அதை நான் பார்த்தேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன்.

2001இல் பூதக்கண்ணாடியின் முன் உட்கார்ந்த மேலாளரும் அப்படித்தான் பார்த்திருப்பார். கண் கீழே போகும், மேலே வரும். 165இல் தூளைப் பார்த்திருப்பார், இன்னும் இல்லை என்று தோன்றியிருக்கும். 167இலும் இன்னும் இல்லை. ஒருவேளை அண்ணாச்சியே தவறாகவும் இருந்திருக்கலாம். வியர்வையைச் சரிவு என்று எடுத்திருக்கலாம். ஆனால் அந்த அறையில் எண்ணைப் பார்க்காமல் சரக்கை மட்டும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். "சூட்டை நீ பார், சரக்கை நான் பார்க்கிறேன்." கழுத்து வலிக்குச் செய்த ஏற்பாடு என்று நாங்கள் சிரித்த அதே காரியத்தை, இத்தனை லட்ச ரூபாய்க் கருவியை வைத்துக்கொண்டு, மஞ்சள் காகிதம் ஒட்டி நான் மறுபடி கண்டுபிடித்திருக்கிறேன். கேமராவை வாங்கியது கூர்மையாகப் பார்ப்பதற்கு என்று எல்லோரும் நினைத்தோம். எனக்கு அதில் உருப்படியாகப் பயன்பட்டது, எண்ணைக் கண்ணிலிருந்து பிரித்து வைக்க முடிந்தது மட்டும்தான்.

அலுவலக விதிமுறையில் எதுவும் மாறவில்லை. மாற்றுவதற்கு ஆறு கையெழுத்து வேண்டும். என் திரையில் மட்டும் காகிதம் ஒட்டியிருக்கிறது. முதல் முறை காகிதத்தோடு, இரண்டாவது முறை இல்லாமல், ஆக ஒரு வீடியோவுக்கு இருபது நிமிடம். என் மேசையில் கோப்புகள் குவிகின்றன என்று புகார் போயிருக்கிறது.

அண்ணாச்சியின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டவர். என் பெயரைச் சொன்னதும் கண்டுகொண்டார். குடும்பம், மழை, தீப்பெட்டித் தொழில் எல்லாம் பேசி முடித்த பிறகு மஞ்சள் காகிதக் கதையை முழுவதும் சொன்னேன். நீங்கள் அப்போதே தெரிந்துதான் அப்படிச் செய்தீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் பக்தியே இருந்திருக்கும். அவர் நெடுநேரம் சிரித்தார்.

"அதெல்லாம் ஒன்றும் இல்லை தம்பி. எனக்கு அப்போதே வெள்ளெழுத்து. பூதக்கண்ணாடியில் சரக்கு தெரிந்துவிடும், தெர்மாமீட்டரில் கோடு தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்டால் ஆளுக்கு வயதாகிவிட்டது என்று ஓரங்கட்டிவிடுவார்களே என்று போடாமல் காலத்தை ஓட்டினேன். அதற்குத்தான் உன்னை உட்காரவைத்தது."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வேகத்திலேயே, இருபத்துச் சொச்சம் வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் கேட்டுவிட்டேன். அந்தப் பாராசிட்டமால் பேட்ச் நினைவிருக்கிறதா, இரண்டு வரியை அடித்தார்களே.

"எந்தப் பேட்ச் என்று கண்டேன்? எத்தனையோ வரி அடித்திருக்கிறார்கள். அதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்வது?"

அதில் சரிபார்த்தவர் என்று கையெழுத்துப் போட்டது நான்தான் அண்ணாச்சி என்றேன்.

சிறிது நேரம் சத்தமில்லை. பின்னால் எங்கோ ஆட்டுக்குட்டி கத்துவது மட்டும் கேட்டது.

"அதை விடு. நீ வராண்டாவில் அல்லவா லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாய்" என்றார்.